உரக்கச் சொன்ன ஆமீன்

கும்மிடிப்பூண்டி
9 ஜூலை 2025, புதன்

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். ஷமீலாதான். மூன்று வருடம் கழித்து எழுதுகிறாள், அதுவும் ஒரு காரியமாக எழுதுகிறாள் என்று கோபப்படாதே. படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

இதைக் கொண்டுவருபவள் ஷைனி. என்னோடு பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள். உன் வீடு அவர்கள் சர்ச்சுக்குப் பின்தெருவில்தான் இருக்கிறதாம். பதிலை அவளிடமே கொடு. போனில் மட்டும் கூப்பிடாதே. உன் பெயர் வந்தால் அம்மா எடுக்கவும் மாட்டாள், வைக்கவும் மாட்டாள். கையில் பிடித்துக்கொண்டு அழுவாள். அப்புறம் அத்தா கேட்பார்.

அத்தாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏப்ரல் மாதம் அவர் கிரேன் ஓட்டுகிற ரோலிங் மில்லில் வேலை செய்த நூருல் என்ற ஜார்க்கண்ட்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். சிப்காட் பக்கம் தகர ஷெட்டில் தங்கியிருக்கிற வடநாட்டுக்காரர்களில் ஒருவர். மய்யித்தை ஆம்புலன்சில் நம் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கமிட்டி முத்தவல்லி சுக்கூர் ஹாஜியார், “எந்த ஜமாஅத்து? லெட்டரு கீதா?” என்று கேட்டார். அவர்களுக்கு ஊரில் ஜமாஅத் உண்டு, இங்கே ஏது? உங்கள் தவ்ஹீத் பள்ளியில் கேட்டதற்கு, “தொழ வைக்கிறோம், ஆனா அடக்க எங்களுக்கு கபர்ஸ்தான் இல்ல” என்றார்களாம். பழவேற்காட்டுப் பள்ளிக்குப் போன் போட்டால், பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். வெயிலில் வண்டி நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் அத்தா போய், “என் தம்பின்னு வெச்சுக்கோங்க ஹாஜியாரே” என்று மன்றாடி, அஸர் தொழுகைக்குப் பிறகு நம் கபர்ஸ்தானில் சுவரோரமாக அடக்கினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் குளித்தார். சாப்பிடவில்லை. “அவன் மூஞ்சில ஈ மொய்க்குது ஷமீ. நாம லெட்டரு கேட்டுக்கினு நிக்கிறோம்” என்றார்.

அதற்குப் பிறகு மில்லில் வார விடுமுறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் ஒரு பள்ளி. ஒரு வாரம் ஷெட்காரர்கள் தொழுகிற இடம், ஒரு வாரம் பழவேற்காடு, ஒரு வாரம் உங்கள் பள்ளி. தொழுதுவிட்டு உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாராம். இந்தப் பக்கத்தில் யார் மௌத்தானாலும், எந்த ஜமாஅத் என்று கேட்காமல் எல்லாப் பள்ளிக்காரரும் வந்து தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் பள்ளியில் இதைத் தப்பாகப் பேசுகிறார்கள் அக்கா. கமிட்டியில் இருப்பவரே வெளியே போய்த் தொழுதால் என்ன அர்த்தம் என்று ஹாஜியார் அம்மாவின் தம்பியிடம் கேட்டிருக்கிறார். ‘ஒதுக்கி வைப்பது’ என்ற வார்த்தை என் காதிலேயே விழுந்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. மச்சானிடம் சொல்லி, அத்தாவை இனிமேல் உங்கள் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொல். மச்சான் சொன்னால் கேட்பார்.

அம்மா தூங்கிவிட்டாள். அத்தாவுக்கு நைட் ஷிப்ட். சமையலறை ஜன்னலில் பள்ளிவாசல் விளக்கு வெளிச்சம் விழுகிறது. அதில்தான் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடு.

ஷமீலா


ஆரம்பாக்கம்
14 ஜூலை

ஷமீ,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் தோழி நல்ல பெண். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “அக்கா, படிச்சிட்டு அழுவாதீங்க. அவ ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுகினு கீறா” என்றாள். நான் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அத்தா வந்தாரா என்று நீ கேட்கவே இல்லை. வரவேண்டாம் என்று சொல்லச் சொல்கிறாய். வந்தார். எங்கள் பள்ளியில் பெண்களுக்கும் இடம் உண்டு, திரைக்குப் பின்னால். குத்பா பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு இருமல் கேட்டது. மூன்று முறை இருமி, நாலாவதை விழுங்குகிற இருமல். மில் புகையில் வந்தது அது, உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அப்புறம் நான் என்ன தொழுதேன் என்று எனக்கே தெரியாது. அம்மார் மடியில் நெளிந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, உனக்குத் தெரியுமா?

தொழுகை முடிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். அத்தா புங்கமரத்து நிழலில் எங்கள் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அங்கே நின்றால் என் வீட்டுப் பச்சைக் கதவு தெரியும். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பேசி முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

என் நிக்காஹ் அன்று நடந்தது உனக்குத் தெரியாது, உன்னை அழைத்து வரவில்லை. கொடுக்கத் தகப்பன் இல்லாமல் பெண்ணுக்கு நிக்காஹ் கிடையாதே, அதனால் அத்தா வந்து உட்கார்ந்தார். கேட்ட இடத்தில் “கொடுத்தேன்” என்றார். எழுந்துவிட்டார். பந்தி தயாராக இருந்தது. “நான் கமிட்டில கீறவன்மா. இங்க ஒரு வாய் சாப்ட்டா நாளைக்கு ஊரு கேக்கும்” என்றார். அதோடு வரத்தும் போக்கும் நின்றுபோயிற்று. ஜுபைர் வரதட்சணை வேண்டாம் என்றதையோ, எனக்கு மஹர் கொடுத்ததையோ யாரும் பேசவில்லை. தவ்ஹீத் பள்ளியில் தொழுகிறவன் என்பதுதான் பேச்சு.

இப்போது பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவருக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். நல்லதுதான். செய்யட்டும். ஆனால் ஊரையெல்லாம் ஒன்று சேர்க்கிறவருக்கு என் வீட்டுப் படி ஏற முடியவில்லையே.

நீ சொல்லச் சொன்னதை நான் ஜுபைரிடம் சொல்லப் போவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவதையாவது கேட்கிறேன். அதையும் நிறுத்தச் சொல்கிறாயா?

மைமூனா


கும்மிடிப்பூண்டி
24 ஜூலை

அக்கா,

உன் கடிதத்தைக் கெமிஸ்ட்ரி புத்தகத்து அட்டைக்குள் வைத்திருந்தேன். லேபில் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. நீ கிழிக்கச் சொல்லவில்லை என்றாலும் நான் கிழித்துவிட்டேன். அம்மார் என்கிற பெயரை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

மன்னித்துக்கொள். உனக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இங்கே இருக்கிற பயத்தில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அத்தா இளைத்துவிட்டார். ஷிப்ட் முடிந்து, கிரேன் கேபினிலிருந்து இறங்கி, அப்படியே வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுகிறார். பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே தூங்கி, டெப்போ வரைக்கும் போய், கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டாராம். வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கையில் டம்ளர் அப்படியே இருக்கிறது.

முனுசாமி டீக்கடையில் நம் பள்ளிப் பையன்கள் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பால் வாங்கப் போனபோது கேட்டேன். “இன்னா பாஷா பாய், இந்த வாரம் எந்தப் பள்ளி? டூரு பேக்கேஜா?” என்றான் ஒருவன். அத்தா, “நீயும் வாயேன், ஜன்னல் சீட்டு தர்றேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று நீ நினைக்கலாம். அம்மாவால்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் இதய வால்வு சரியில்லை என்றார்கள், மாத்திரையில் ஓடுகிறது. அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். நமக்கு நடுவில் பிறந்து நாற்பது நாளில் போன யூசுப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும். பெண்கள் நம் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் இல்லையே, அவள் அந்த இடத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. வேப்ப மரத்துக்குக் கிழக்கே என்று அத்தா சொன்னதை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடமாக இருக்கிறாள்.

நேற்று அவள் சத்தம் போடாமல் கேட்டாள், “ஒதுக்கி வெச்சாங்கன்னா என்ன எங்க கொண்டுபோவீங்க?” அத்தா, “நூருல் பொண்டாட்டி போன்ல இதத்தான் கேட்டா. எங்க வெச்சீங்கன்னு” என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறார்கள்.

ஷமீ


ஆரம்பாக்கம்
30 ஜூலை

ஷமீ,

அம்மாவின் மூச்சு விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பு. ஜுபைரின் தங்கை மருந்துக்கடையில் இருக்கிறாள், கேட்கிறேன்.

அத்தாவுக்கு இங்கே மட்டும் மாலை மரியாதை நடக்கிறது என்று நினைக்காதே. இங்கேயும் பேச்சுதான். எங்கள் பள்ளியில் யாரும் தொப்பி போடுவதில்லையே, போன முறை ஒரு பையன் அவர் முகத்துக்கு நேராகவே, “ஒற்றுமை கேக்க வர்றீங்களே பாய், மொதல்ல தலையில கீற தொப்பியக் கழட்டுங்க” என்றானாம். அத்தா தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டி, “முப்பது வருசம் ஹெல்மெட் போட்டு மயிரெல்லாம் போச்சு தம்பி. இதுவும் இல்லாட்டி வெயிலு சுடுது” என்றாராம். அந்தப் பையனே சிரித்துவிட்டான். இதை ஜுபைர் சொன்னபோது நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். அத்தா வருகிற வாரம் எது என்று தெரியாததால் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு ஆளுக்கு அதிகமாகச் சோறு வைக்கிறேன். ஜுபைர் ஏன் என்று கேட்பதில்லை. சாயங்காலம் அதையும் அவரே சாப்பிட்டுவிடுகிறார். தொப்பை போட்டுவிட்டது.

அத்தா கேட்ட விஷயம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் இரண்டு வாரம் சண்டை போட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். யார் இறந்தாலும் குழி வெட்டவும் தூக்கவும் வருவோம், ஜமாஅத் கேட்கமாட்டோம் என்று. ஷெட்காரர்கள் முதல் நாளே சரியென்று சொல்லிவிட்டார்கள், அவர்களுக்குத்தான் வலி தெரியும். அங்கே தொழுகை முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று நபிமேல் ஸலாம் பாடுவார்களாம். அத்தாவும் எழுந்து நின்றாராம், வரிகள் தெரியாமல். பழவேற்காட்டுக்காரர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். மண் இருப்பது உங்கள் பள்ளியிடம்தான். அது தலையாட்டாமல் மற்றவர்கள் ஒப்புக்கொண்டு என்ன ஆகப் போகிறது?

நீ எனக்காக யார் பக்கமும் பேச வேண்டாம். படி. தூங்கு. உன் எழுத்து கோணலாகப் போகிறது, வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது.

அக்கா


கும்மிடிப்பூண்டி
11 ஆகஸ்ட், திங்கள்

அக்கா,

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

நேற்று மக்ரிப், பொழுது சாய்ந்த நேரம். அத்தா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு அப்படியே பள்ளிக்குப் போனார். பாங்கு சொல்கிறவர் ஊருக்குப் போயிருந்ததால் தொழுகை தொடங்க அத்தாவையே இகாமத் சொல்லச் சொன்னார்களாம். அதனால் முதல் வரிசையில், தொழவைக்கிற ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால், மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் சத்தமே நம் சமையலறைக்கு நன்றாகக் கேட்கும், உனக்குத் தெரியும். அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஹஜ்ரத் ஃபாத்திஹா ஓதினார். “வலழ்ழால்லீன்” என்று முடித்தார். நம் பள்ளியில் அந்த இடத்தில் எல்லாரும் மனதுக்குள் ஆமீன் சொல்வார்கள், ஒரு மூச்சு நேரத்துக்குச் சத்தமே இருக்காது. அந்த இடத்தில் ஒரு குரல் கேட்டது.

“ஆ...மீன்.”

நீட்டி, கரகரவென்று, ஒற்றைக் குரலாக. உங்கள் பள்ளியிலும் பழவேற்காட்டிலும் எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வார்களே, அப்படி. கூடவே சொல்ல இங்கே யாரும் இல்லை. அது யார் என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமல்ல, தெருவுக்கே தெரிந்தது. ஹஜ்ரத் அடுத்த சூராவைத் தொடங்கத் தடுமாறினார். பின்னால் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தது மைக்கில் விழுந்தது. அம்மா மாவில் வைத்த கையை எடுக்கவே இல்லை. “யா அல்லாஹ், தூக்கத்துல சொல்லிட்டாரு” என்றாள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் ஒரே சத்தம். “வெளிய போய்க் கத்துக்கினு வந்து நம்ம பள்ளில ஓதிக் காட்றியா?”, “மைக்க பாத்து சொல்லிக்கிறான் பாரு”, இப்படி. அத்தா திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “நான் சொன்னதே எனக்குத் தெரியல ஹபீபா. வாய் பழகிப்போச்சு. எந்தப் பள்ளில நிக்கிறேன்னே ஒரு நிமிசம் மறந்துட்டேன்” என்றார். அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முன்வாசலில் கமிட்டி கூடுகிறது. அவரை நிற்க வைத்துக் கேட்கப் போகிறார்கள்.

ஷமீ


ஆரம்பாக்கம்
12 ஆகஸ்ட்

ஷமீ, ஷைனி வாசலில் நிற்கிறாள், ரயிலுக்கு நேரமாகிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

தவறிச் சொல்லிவிட்டேன் என்று அத்தாவை ஒத்துக்கொள்ளச் சொல். மன்னிப்புக் கேட்கட்டும். நிஜமாகவே வாய் தவறியதுதானே, அதைச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்? ஒற்றுமையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எங்கள் பள்ளிக்கும் இனி வரவேண்டாம். நீ முதல் கடிதத்தில் கேட்டதை இப்போது நானே சொல்கிறேன். அம்மா மனசு நிம்மதியாக இருக்க வேண்டும். நான் இருமலைக் கேட்காமல் இருந்துகொள்கிறேன்.

மைமூனா


கும்மிடிப்பூண்டி
17 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா,

நீ சொன்னதை அத்தாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ எழுதினாய் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் அதையே அம்மா சொன்னாள், இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஜும்ஆ முடிந்ததும் நானும் அம்மாவும் சமையலறை ஜன்னலை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றோம். எல்லாம் கேட்டது.

சுக்கூர் ஹாஜியார் கோபமாகப் பேசவே இல்லை அக்கா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “பாஷா, நீயும் நானும் ஒண்ணா மதரஸா போனவங்க. ஒன் கஷ்டம் எனக்குப் புரியாமலா? ரெண்டே வார்த்தை சொல்லு. தப்பா சொல்லிட்டேன், இனிமே என் பள்ளி இதுதான்னு சொல்லு. டீ சாப்ட்டு ஊட்டுக்குப் போலாம்” என்றார்.

அத்தா, “வாய் தவறித்தான் ஹாஜியாரே வந்துச்சு. அசந்து கெடந்தேன். வேணும்னு சொல்லல” என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

“அப்ப மன்னிப்பு கேட்டுடு.”

அத்தா இருமினார். “யாராண்ட கேக்கணும்? ஒங்க தொழுகைய கலைச்சேன், அதுக்கு எல்லாராண்டயும் கேக்கறேன். ஆனா அந்த வார்த்தைக்கு எப்புடி கேக்கறது? நாலு மாசமா அதச் சொல்றவங்க நடுவுல நின்னுக்கினு இருந்தேன். நாளைக்கு அவங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்? என் தோள்ல தோள் ஒட்டி நின்னவங்க ஹாஜியாரே.”

“அப்ப அங்கயே போயேன்யா!” என்று யாரோ கத்தினார்கள்.

“போவ மாட்டேன். இதான் என் பள்ளி. என் புள்ள இங்கதான் கெடக்கறான்.”

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் முடிவு சொன்னார்கள். கமிட்டியிலிருந்து எடுத்தாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் நம் வீட்டை ஒதுக்கி வைக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். மற்றது எதுவும் அவர்கள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினாள். “சோறு ஆறுது, வரச் சொல்லு” என்றாள். அதற்கப்புறம் அத்தாவிடம் இந்த நிமிடம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் ஷெட்டிலிருந்து நாலைந்து பேர் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எப்படித் தெரிந்ததோ. அதில் ஒருவர் அவருக்குத் தெரிந்த தமிழில், “சாச்சா, டென்ஷன் வேணாம். உன் வீட்ல எதாவது ஆச்சு, நாங்க தூக்கும்” என்றார். அம்மா உள்ளேயிருந்து, “இன்னும் யாரும் சாவல” என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை, தலையாட்டிவிட்டுப் போனார்கள். அத்தா அன்று முதல் தடவையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சிரித்துத் துடைத்தாரா, என்னவென்று தெரியவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை ஃபஜ்ருக்கு அதே பள்ளிக்குப் போனார். கடைசி வரிசையில் நின்றாராம். பக்கத்தில் நின்றவர் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றாராம். அதை அவரே வந்து சொன்னார், ஏதோ மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

நாலு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது நடந்து முடிந்துவிட்டது. இப்போது பயம் இல்லை அக்கா. ரொம்ப அசதியாக இருக்கிறது.

ஷமீ


ஆரம்பாக்கம்
22 ஆகஸ்ட், வெள்ளி

ஷமீ,

அத்தா இங்கே இருக்கிறார். என் வீட்டு ஹாலில், பாயில், தலையணைகூட வாங்காமல் கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

ஜும்ஆவுக்கு வந்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். தலைவரே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எங்க பள்ளிலயே சேந்துடுங்க பாய், குடும்பத்தோட” என்றாராம். அத்தா வேண்டாம் என்றுவிட்டார். “அப்புறம் அந்தப் பள்ளிக்கு நான் வெளியாளு ஆயிடுவேன். மண்ணு அங்க கீது. நான் உள்ள இருந்தே கேட்டுக்கினு இருக்கேன்” என்றாராம். எங்கள் ஆட்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஜுபைர் இதைச் சொல்லும்போதே சலிப்பாக இருந்தது அவர் முகம். எல்லாரையும் சேர்க்கப் போனவர் இப்போது எந்தப் பக்கத்துக்கும் ஆகாமல் நிற்கிறார்.

நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து இறங்கி, வழக்கம்போல கேட்டருகே நின்றேன். அவர் மரத்தடியில் பேசி முடித்தார். ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். நின்றார். அப்புறம் தெருவைக் கடந்து என்னிடமே வந்தார். கையில் ஒரு பை. “உங்கம்மா குடுத்து உட்டா” என்றார். “எங்கூட பேசறதில்ல. ஆனா காலையில இதக் கையில திணிச்சா. எங்க குடுக்கணும்னு சொல்லல. எனக்குத் தெரியாதா?”

தூக்குச்சட்டி நிறையத் தாளிச்சாக் குழம்பு. ஷமீ, அம்மாவுக்கு நான் இருக்கிற தெருவுகூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் கதவைத் தாண்டி வந்தார். வாசலில் ஒரு நிமிடம் நின்று செருப்பைக் கழற்றினார். மூன்று வருடத்துக்குப் பேச நான் நிறைய வைத்திருந்தேன், உனக்கே தெரியும். உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட்டார். சோறு போதுமா என்றேன். போதும் என்றார். அம்மாரைப் பார்த்து, “இவன் நெத்தி உங்கம்மாது” என்றார். அவன் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டான். “செத்த நேரம் படுத்துக்கட்டாம்மா? ஊட்ல தூக்கம் வர மாட்டேங்குது” என்று கேட்டார். என் வீட்டில் என்னிடம் அனுமதி கேட்டார். நான் வைத்திருந்ததையெல்லாம் அப்புறம் எங்கே போய்ப் பேசுவது?

அம்மார் இப்போது அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜுபைர் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

தன்னை எங்கே கொண்டுபோவீர்கள் என்று அம்மா கேட்டாளே. தூக்க ஆள் இருக்கிறது, மண் இல்லை. அத்தா ஹாஜியாரிடம் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறார், அவ்வளவுதான். ஹாஜியார் ஒருநாள் இறங்கி வரலாம். வராமலும் போகலாம்.

ஆனால் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது ஒன்று தோன்றியது. நான் அங்கே வந்தால் உங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்றுதானே மூன்று வருடம் வராமல் இருந்தேன்? அத்தாவும் அதற்காகத்தானே இந்தக் கதவைப் பார்க்காமல் போனார்? இப்போது ஒதுக்கியாகிவிட்டது. இனிமேல் யாரிடம் பயந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்? கழுவிய தூக்குச்சட்டியை வெறுமையாகவா திருப்பி அனுப்புவது? பொழுதோடு நானும் குழந்தையும் அத்தாவோடு வருகிறோம். பள்ளிவாசல் வழியாகத்தான் வருவோம், வேறு வழி கிடையாது. டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற நேரமாக இருக்கும். பார்க்கட்டும். நீ ஷைனியிடம் பெயர் சொல்லியனுப்பிய அம்மாவின் மாத்திரையும் பையில் வைத்திருக்கிறேன்.

இதை ஷைனியிடம் கொடுக்கவில்லை. நீ இதைப் படிக்கும்போது நான் உன் பக்கத்தில்தான் இருப்பேன். பின் எதற்கு எழுதுகிறேன் என்றால், வீட்டில் பேச ஆள் இல்லை. அத்தா தூங்குகிறார். மூன்றரை மணி ரயிலுக்குக் கிளம்பலாம் என்றிருந்தோம். அது இப்போதுதான் கூவிக்கொண்டு போகிறது. அவர் அசையவே இல்லை, எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ரயிலில் வருகிறோம்.

மைமூனா